பந்தல் போட்ட குடில்

குழந்தைகளோடு வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம் என்று சொல்லும் வீடியோக்களின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. தேவையான பொருட்கள் என்று கத்தரிக்கோல், பசை, வண்ணத்தாள், பழைய அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். குழந்தையை மட்டும் சொல்லமாட்டார்கள். அது வீட்டில் எப்படியும் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள்.

என் வீட்டில் இல்லை. எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கோயம்புத்தூரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். நானும் அவள் அம்மாவும் பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. சண்டை போட்டுக் களைத்துவிட்டோம், இப்போது மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதை விட்டு நான் எங்கேயும் போக முடியாது, அவர்களுக்கு இங்கே வர வேண்டிய அவசியமில்லை. மே மாதமும் அரையாண்டு விடுமுறையிலும் மகள் என்னிடம் வந்து இருப்பாள் என்பது ஏற்பாடு.

போன மே மாதம் வந்தவள் பாதியிலேயே சோர்ந்துவிட்டாள். வெயில், கரண்ட் இல்லாத மதியங்கள், பேச்சுத்துணைக்கு அப்பா ஒருவன். நான் விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போய்விட்டு வரும்போது கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எப்பப்பா போறோம்?" என்று ஒரு நாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, மணி என்ன என்று கேட்பதைப் போல்தான் கேட்டாள். அவள் ஊர் திரும்பிய பிறகு அவள் அம்மா போன் செய்தாள். "இனிமே அவளையே கேட்போம். வர இஷ்டம்னு சொன்னா அனுப்புறேன். இல்லேன்னா கட்டாயப்படுத்த வேண்டாம், சரிதானா?" என்றாள். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கிறிஸ்மஸுக்கு வருவதாக மகள் ஒத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வருவாளா, மாட்டாளா என்பது அந்த விடுமுறை எப்படிப் போகிறது என்பதில்தான் இருந்தது. எனக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே கார்த்திகை மழையோடு மழையாக நான் கைவேலை கற்க உட்கார்ந்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, குளித்து, அரிசியை உலையில் போட்டுவிட்டுப் போனைச் சுவரில் சாத்திவைத்துக்கொள்வேன். அந்த வீடியோக்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு மலையாள அம்மா. குமுளிச் சந்தைக்குப் பழம் கொண்டுபோய்ப் பழகியதில் அவர் பேசுவது எனக்குப் புரியும். அவர் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து கத்தரித்துக்கொண்டிருக்கும். வெள்ளைத்தாளை எட்டாக மடித்து இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு, பிரித்தால் பனிப்பூ. என் வீட்டிலிருந்து பார்த்தால் மேகமலை தெரியும். அதன் உச்சியில்கூட ஒரு நாளும் பனி உறைந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் வெட்டினேன். குலைக்குள் கத்தரியை விட்டு ஒரு பழம்கூட நசுங்காமல் சொத்தைப் பழங்களை எடுத்துவிடும் விரல்கள் இவை. தாளைப் பிடித்ததும் மண்வெட்டியைப் பிடித்த மாதிரி ஆகிவிட்டன. பிரித்தால் பூ வரவில்லை, இரண்டு துண்டாக வந்தது.

விடவில்லை. பஞ்சில் ஆடு, தீக்குச்சியில் கால். தேங்காய் ஓட்டில் விளக்கு. ஐஸ் குச்சியில் தேவதை. டிஷ்யூ பேப்பரில் கிறிஸ்மஸ் தாத்தாவின் தாடி. அவள் முன்னால் நான் தடுமாறக் கூடாது, கேட்டதும் சட்டென்று செய்துகாட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கெட்டுப்போனதை எல்லாம் ஒரு பழப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். சிலவற்றை எதற்காகவோ தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு தேவதைக்கு நான் வரைந்த கண் ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தது. வீட்டில் என்னைப் பார்ப்பதற்கு அதுவாவது இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பசையும் ஜிகினாவும் வாங்கச் சின்னமனூருக்குப் போனேன். ஃபேன்சி ஸ்டோரில் இருந்த பெண் நான் எடுத்துவைத்தவற்றைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல்லேர்ந்து வாறீகளா, சார்?" என்று கேட்டாள். இல்லை, என் பிள்ளைக்கு என்றேன். "எத்தனை பிள்ளைக?" ஒன்றுதான் என்றேன். அந்தக் குவியலை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பில் போட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மகளிடம் போனில், "கிறிஸ்மஸ் குடில் வைக்கிறோம் ஆத்தா, உனக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "நிஜப் புல்லு வைக்கலாமாப்பா?" என்றாள். அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. அங்கே கடையில் வாங்கிய அட்டைக் குடிலும் பச்சை பிளாஸ்டிக் விரிப்பும்தான். மண்ணைக் கொண்டுவந்து கொட்ட அவள் அம்மா விடமாட்டாள். அவள் என்னிடம் தானாகக் கேட்டது அது ஒன்றைத்தான். "அதுக்கென்ன, மலை மாதிரி வச்சுருவோம்" என்றேன்.

எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் வைப்போம். கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைகட்டி, தட்டில் மண்ணும் எருவும் பரப்பித் தூவிவிட்டால் பத்து நாளில் விரல் உயரத்துக்குப் பச்சென்று வந்துவிடும். அதைத் தூக்கி மாட்டுக்கொட்டகையைச் சுற்றி அடுக்கிவிட்டால் பெத்லகேம். சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. நான் அதைத்தான் கோட்டைவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தால் திராட்சையில் நோய் விழும், பழுத்த பழம் வெடிக்கும். நாளெல்லாம், கல்தூண்களில் கம்பி இழுத்துக் கொடி படரவிட்ட பந்தலுக்கு அடியிலேயே கிடந்தேன். நினைவு வந்து பழப்பெட்டிகளில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவியபோது அவள் வர ஒரு வாரம்கூட இல்லை. வெயிலும் இல்லை. பெட்டிகளில் வெள்ளையாக ஊசி முனை மாதிரி எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

காலையில் பார்ப்பேன், மத்தியானம் வந்து பார்ப்பேன். வளரவில்லை. அவள் கேட்ட ஒன்றே ஒன்று. அதுவும் இல்லையென்றால் கண்ணாடிப் பேப்பரையும் பஞ்சு ஆட்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

விதையில்லாத் திராட்சை போட்டவர்கள் எல்லாருடைய வீட்டிலும் ஒரு மருந்து இருக்கும். பிஞ்சுக் குலையை அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தால் பழம் நீண்டு பருக்கும். துளி மருந்துக்கு வாளி வாளியாகத் தண்ணீர். என்னிடமும் மிச்சம் இருந்தது. குலையை வளர்க்கிற மருந்து புல்லை வளர்க்காதா என்று தோன்றியது. திராட்சைக்காரனுக்குத்தான் இப்படித் தோன்றும். வேறு யாராக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் எரு போட்டிருப்பார்கள், அல்லது சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். நான் கலக்கித் தெளித்துவிட்டேன். கைப்பழக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்துவிட்டேன்.

வளர்ந்தது. அப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்ததில்லை. இரண்டு நாளில் விரலைத் தாண்டி, முழங்கையை நோக்கிப் போனது. பச்சையாக இல்லை, வெளிறி மஞ்சளாக, நூல் நூலாக. தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கியது. மழையில் நனைந்த கிழவனின் தலைமுடி போல் இருந்தது.

எதிர்வீட்டு மதினி, என் பெரியப்பா மகனின் மனைவி, குழம்பு கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு புல்லைத் தூக்கிப் பார்த்தாள். அவளும் குலைகளை மருந்தில் முக்கி எடுத்தவள்தான், ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள்.

"என்ன கொழுந்தனாரே, இதுக்கும் மருந்தை முக்கிட்டீகளா?"

"முக்கல. தெளிச்சேன்."

"ஆட்டுக்குப் புல்லு வளப்பாகன்னு பாத்தா, ஆட்டையே மறைக்கிற புல்லுல்ல வளத்து வச்சிருக்கீக. இன்னும் ரெண்டு நா விட்டா குலை வச்சுரும்."

"சும்மா இருங்க மதினி. பிள்ள நாளைக்கு வருது."

"வரட்டுமே. பாத்துட்டுச் சிரிக்கும். சிரிச்சாத் தப்பா?" என்றாள். தெரு முழுக்க அன்றைக்கு இதுதான் பேச்சு என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கவலைப்படவும் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் அம்மா கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். "ராத்திரி இருமினா இந்த சிரப் கொடுங்க. ஐஸ்கிரீம் வேண்டாம்" என்றாள். சரி என்றேன். டீ சாப்பிடுகிறாயா என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். மகள் வளர்ந்திருந்தாள். கையைப் பிடிக்கலாமா, அந்த வயதைத் தாண்டிவிட்டாளா என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வீரபாண்டி தாண்டும்வரை நான்தான் பேசினேன். அவள் "அப்படியாப்பா", "சரிப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டிலும் அப்படித்தான். "தண்ணி குடிக்கட்டுமாப்பா?" "ஃபேன் போடலாமாப்பா?" தோசை வைத்தால் தேங்க்ஸ். துண்டைக் கொடுத்தால் தேங்க்ஸ். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து, எங்கே வைப்பது என்று கேட்டு வைத்தாள். மே மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாளே, அது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. அப்போது அவள் என் பிள்ளையாக அலுத்துக்கொண்டாள். இப்போது விருந்தாளியாக நன்றாக நடந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் முதலில் நட்சத்திரம் செய்தோம். கவாத்தில் வெட்டிப்போட்ட திராட்சைக் கொடிகளில் நேரானவையாக நான் முன்பே பொறுக்கி வைத்திருந்தேன். ஐந்து கொடிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு முனைகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கினால் நட்சத்திரம். அதற்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடிப் பேப்பர், உள்ளே ஒரு பல்ப். நான் பலமுறை செய்து பழகியிருந்ததால் மளமளவென்று முடித்துவிட்டேன். அவளுக்குப் பசை தடவுவதைத் தவிர வேலையே இல்லை. "சூப்பர்ப்பா" என்றாள். பனிப்பூ வெட்டினேன். அதற்கும் சூப்பர். ஆட்டைச் செய்துகாட்டினேன். அழகாக உட்கார்ந்து பார்த்தாள். கைவேலை வகுப்பில் இருக்கிற ஒரே மாணவி மாதிரி இருந்தாள். நானோ, என்னைப் பார்த்து நீ வியந்துபோக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். வியந்தாள், பாவம், நான் எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் வியந்தாள்.

மத்தியானத்துக்கு மேல், "புல்லு எங்கப்பா?" என்றாள்.

தள்ளிப்போட இனி வழியில்லை. பின்வாசலுக்குக் கூட்டிப்போய் பெட்டிகளை மூடியிருந்த சாக்கை எடுத்தேன். "கொஞ்சம் வளந்துருச்சு ஆத்தா" என்றேன்.

அவள் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு என்றால் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கி, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னப்பா பண்ணீங்க இதை?" என்று கேட்கக்கூட முடியவில்லை. நான் மருந்து விஷயத்தைச் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. பஞ்சு ஆட்டை எடுத்துவந்து புல்லுக்குள் வைத்தாள், ஆடு காணாமல் போனது. கையைவிட்டுத் தேடி எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி காணாமல் போனது. எதிர்வீட்டு வாசலிலிருந்து மதினி, "நான்தான் சொன்னேனே, பிள்ள சிரிக்கும்னு" என்று குரல் கொடுத்தாள்.

சிரித்து முடித்துவிட்டு, விழுந்து கிடந்த புல்லைக் கையால் அள்ளித் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. "அப்பா, இதுக்கும் பந்தல் போட்ருங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் துடைப்பத்தை உருவினேன். ஈர்க்குச்சிகளை ஒடித்துக் கல்தூண் ஊன்றுவது போல் பெட்டியில் வரிசையாக ஊன்றினோம். கம்பிக்குப் பதில் தையல் நூல். இதை நான் எந்த வீடியோவிலும் பார்த்திருக்கவில்லை, பழகிப் பார்த்திருக்கவும் இல்லை. குச்சி சாய்ந்தது, நூல் அறுந்தது. "அந்தப் பக்கம் இழுத்துப் பிடிங்க. ஐயோ, அவ்வளவு இழுக்காதீங்கப்பா" என்று அவள் அதட்டினாள். இரண்டு நாளில் அவள் என்னை உரிமையோடு அதட்டியது அதுதான் முதல் தடவை. புல்லை ஒவ்வொரு பிடியாகத் தூக்கி நூலின் மேல் படரவிட்டோம். அறுந்துபோன ஒரு பாசிமணி வளையலைப் பையிலிருந்து எடுத்துவந்து, கறுப்பு மணிகளைக் கோத்துக் குட்டிக் குட்டிக் குலைகளாகத் தொங்கவிட்டாள். அடியில் கொட்டகை, மாடு, பஞ்சு ஆடுகள், சூசையப்பர், மாதா. பிறக்கப்போகும் பாலனை மட்டும் கிறிஸ்மஸ் பிறந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பதால் அவரைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம்.

சாயங்காலம் மாதா கோயிலிலிருந்து கிறிஸ்மஸ் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். டிரம்மும் கிதாரும் நின்றதும் எல்லாரும் குடிலைப் பார்க்கக் குனிந்தார்கள். "ஏலே, இங்கன பாருங்கடா. திராட்சைத் தோட்டத்துல பிறக்கப் போறாருடா" என்று தாத்தா வேஷம் போட்டவர் தாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார். "மருந்தடிச்ச புல்லு அண்ணே, ஆடு தின்னுறாம பாத்துக்கங்க" என்று இன்னொரு குரல். தெருவுக்கே தெரிந்திருந்தது. மகள் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்தப் பிடியை முதுகில் உணர்ந்துகொண்டே நின்றேன்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் நான் தோட்டத்திலிருந்து திரும்பியபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பந்து உருண்டு உள்ளே போயிருக்கிறது, எடுக்கப் போனவள் அந்தப் பழப்பெட்டியை இழுத்து வெளியே வைத்திருந்தாள். இரண்டாகக் கிழிந்த பனிப்பூக்கள், கால் ஒடிந்த ஆடுகள், மூன்று காலில் நிற்கும் நட்சத்திரம் எல்லாம் அவளைச் சுற்றிக் கிடந்தன.

"இதெல்லாம் யாருப்பா செஞ்சது?"

"நான்தான். உனக்காகப் பழகிப் பாத்தேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. சும்மா, வேலை முடிஞ்சு வந்து."

அந்தக் கண் சிறுத்த தேவதையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கசங்காமல் பெட்டியில் அடுக்கிவைத்து, இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டு, "பசிக்குதாப்பா? நான் தட்டு வைக்கட்டுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அப்படியே மாறிவிட்டாள். "அடுத்து என்னப்பா செய்யலாம்?" என்று அவளே கேட்பாள். புது வருடத்துக்கு வாழ்த்து அட்டை, பொங்கலுக்குக் களிமண்ணில் குட்டிப் பானை, செய்தித்தாளில் மாலை. நான் எதைச் சொன்னாலும் சரி என்றாள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட வந்தபோது, "அப்பாவோட வேலை இருக்கு" என்று திருப்பி அனுப்பினாள். நான் தோட்டத்துக்குப் போனால் கூடவே வந்தாள். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. ஒரு நாள் பந்தலுக்கு அடியில் வேலை செய்துகொண்டே என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன் என்று மதினி பிறகு சொன்னாள். "ரொம்ப நாளாச்சு கொழுந்தனாரே உங்க பாட்டைக் கேட்டு" என்றாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கொடியில் காய்ந்த அவளுடைய துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தணித்துத்தான் பேசினாள், ஆனால் ஜன்னல் திறந்திருந்தது.

"மே மாசம் நான் இங்கயே வர்றேன்மா."

அவளுடைய கவுனைக் கையில் பிடித்தபடி நின்றேன். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அதற்காகத்தானே இவ்வளவும்.

"இல்லம்மா, ஸ்கேட்டிங் கேம்ப் வேணாம். அவங்ககிட்ட சொல்லிருங்க... தெரியும்மா, எல்லாரும்தான் போறாங்க. பரவால்ல." கொஞ்ச நேரம் மறுமுனை பேசுவதைக் கேட்டாள். "நீங்க திட்டக் கூடாது. அப்பா பாவம்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே தனியா உக்காந்து எல்லாத்தையும் செஞ்சு பாத்திருக்காங்க. கிழிஞ்சதெல்லாம்கூட வச்சிருக்காங்க. ஒரு பெட்டி நிறைய இருக்கும்மா."

துணிகளை மடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளை என்மேல் இரக்கப்படுகிறாள். அத்தனை நாளும் என்னோடு உட்கார்ந்து வெட்டி ஒட்டியது கைவேலை இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும் நோயாளி வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவோமே, அப்படி. வருவாளா, மாட்டாளா என்று மட்டும்தான் நான் பயந்திருந்தேன். இப்படி ஒரு காரணத்துக்காக வருவாள் என்று யோசித்துப் பார்த்ததே இல்லை. எப்படியோ வருகிறாளே, அது போதாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போதும் என்று சொல்ல ரொம்ப ஆசையாக இருந்தது. தனியாக இருக்கிறவனுக்கு அந்த ஆசை வருவதில் தப்பொன்றும் இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன். சாப்பிடும்போது அவள் என் தட்டில் இன்னொரு தோசையை எடுத்துவைத்தாள். அதில் பாதியைப் பிய்த்து அவள் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

மறுநாள் தேனியில் அவள் அம்மா வந்து நின்றாள். கோயம்புத்தூர் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மகள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் அம்மா என் பக்கம் திரும்பி, "மே மாசம் வர்றேன்னு அவளே சொல்லிட்டா. நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் என்மேல் ஒரு கனிவு இருந்தது. அதுவும் அதே இரக்கம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

அவளும் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். "ஆத்தா, மே மாசம் தோட்டத்துல கவாத்து வருது. ஆளுக எல்லாம் வருவாக, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கும். உன்னையப் பாக்க முடியாது. நீ கேம்ப்புக்குப் போயிரு" என்றேன்.

பொய்தான். மே மாதம் என் தோட்டத்தில் கவாத்தும் இல்லை, ஆட்களும் வரமாட்டார்கள், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சுவதோடு சரி.

"நிஜமாவாப்பா?"

"நிஜமா. ரொம்ப வேலை."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நன்றாக நடந்துகொள்ள அவளுக்குத் தெரியும், தேங்க்ஸ் சொல்லத் தெரியும், பெரியவர்களைப் போல் இரக்கப்படவும் தெரியும். நிம்மதியை மறைக்க மட்டும் இன்னும் தெரியவில்லை. அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு பேச ஆரம்பித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல். "அங்க பெரிய கிரவுண்டுப்பா, அதுல வட்டமா ரோடு மாதிரி போட்டிருப்பாங்க. எனக்குப் பின்னாடியே போகக்கூடத் தெரியும். போன தடவை விழுந்து முட்டியெல்லாம் போச்சு, அம்மாகிட்ட சொல்லவே இல்ல, நீங்களும் சொல்லிராதீங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா, அவ என்ன பண்ணுவா தெரியுமா..." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா அந்த முட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அதைக் கவனிக்கவில்லை. அந்த விடுமுறை முழுக்க அவளிடமிருந்து நான் எதிர்பார்த்துக் காத்திருந்த பேச்சு இதுதான். பெருமையும் வேகமும் ரகசியமுமாக, நான் யார், எப்படி இருக்கிறேன் என்ற கவலையே இல்லாமல். நான் கேட்டுக்கொண்டே "ம்" கொட்டினேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது, அவள் பேச்சை நிறுத்தவில்லை. நானும் கூடவே நடந்தேன். "அவ கையை இப்படி விரிச்சுக்கிட்டு நேரா வந்து, சார் நிக்கிறாருன்னுகூடப் பாக்காம..." அவ்வளவுதான் கேட்டது. கையாட்டவில்லை, சொல்லிக்கொண்டிருந்த மும்முரத்தில் மறந்துவிட்டாள். வண்டி வளைந்து ரோட்டில் ஏறியது. பஸ் போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் இன்னும் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.